கூழும் மீசையும், கேக்கும் வாயும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பகலுணவை முடித்துக்கொண்டு, கடற்காற்று எப்போது எழும் என்று எதிர்பார்த்து வாசல் திண்ணையில் சாய்ந்திருந்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளை கைத்தொலைபேசியும் கையுமாக வந்து நின்றாள். ஒரு காலத்தில் என்னிடம் ஆங்கிலம் படித்தவள். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்று, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அந்த மகிழ்ச்சிக்குரிய முகம் அன்று வாடியிருந்தது.

"சேர், இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள்" என்று தொலைபேசியை நீட்டினாள்.

கட்டாரில் தொழில் செய்யும் அவளுடைய பெரிய வாப்பா அனுப்பிய செய்தி அது. தகப்பனை இழந்த குடும்பத்துக்கு மாதந்தோறும் பணம் அனுப்பி வருபவர் அவரே. பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக எழுதியிருந்தார். நல்ல இடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கத் தயாரில்லை. பேராதனையும் வேண்டும், இந்தச் சம்பந்தமும் வேண்டும் என்றால் நடக்குமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஆங்கிலேயரின் புகழ்பெற்ற வாக்கியம் ஒன்றை எழுதி முடித்திருந்தார்: 'யூ கான்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்.'

"கேக் கையில் இருந்தால்தானே, சேர், அதைச் சாப்பிடலாம்? இருந்தால் சாப்பிட முடியாது என்றால் அது என்ன நியாயம்? பெரிய வாப்பா பிழையாக எழுதிவிட்டாரா?"

நல்ல கேள்வி. அந்தப் பிள்ளைக்கு மட்டும் எழுந்த ஐயமன்று இது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தலைமுறை தலைமுறையாக இந்த வாக்கியத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். அன்று அவளுக்குச் சொன்னதையும், சொல்லும்போது எனக்கே தெளிவானதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

குழப்பத்தின் வேர்

குழப்பம் முழுவதும் 'ஹேவ்' என்னும் ஒரே சொல்லில் ஒளிந்திருக்கிறது. அச்சொல்லுக்கு 'உண்ணுதல்' என்ற பொருளும் உண்டு. 'கைவசம் வைத்திருத்தல்' என்ற பொருளும் உண்டு. தேநீர் 'ஹேவ்' பண்ணுகிறோம் என்றால் குடிக்கிறோம் என்றே பொருள். ஆனால் கேக் பழமொழியில் வருவது இரண்டாவது பொருள். 'கேக்கை உண்டு தீர்த்துவிட்டு, அது முழுதாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதே' என்பதே அதன் கருத்து. உண்டது போயிற்று, போனது இராது.

பழைய ஆங்கிலேயர் இதைத் தெளிவாகவே சொன்னார்கள். 1546ஆம் ஆண்டு ஜோன் ஹேவுட் என்பார் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் உண்பது முன்னும் வைத்திருப்பது பின்னுமாகவே வருகிறது. 'உண்ணவும் வேண்டும், பிறகு வைத்திருக்கவும் வேண்டுமோ' என்று வரிசையாகக் கேட்டால் முரண்பாடு பளிச்சென்று தெரியும். அதற்கும் முன்னர், 1538இல், நோர்போக் கோமகன் தோமஸ் குரொம்வெல்லுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் 'வைத்திருப்பது' முன்னே வருகிறது. ஆக, இரு வரிசையும் பழமையானவையே. நெடுங்காலம் 'உண்டு வைத்திருத்தல்' என்ற வரிசையே ஓங்கியிருந்து, இருபதாம் நூற்றாண்டிலேதான் 'வைத்திருந்து உண்ணுதல்' என்ற வரிசை அதனைப் பின்தள்ளியது. நம் பிள்ளைகளுக்கு வந்த மயக்கமும் அந்த மாற்றத்தின் பயனே.

இந்த வரிசை ஒரு கொலைகாரனைப் பிடிக்கவும் உதவியது என்றால் வாசகர்கள் வியப்படைவார்கள். 1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் தபால் மூலமும் பிறவாறும் வெடிகுண்டுகளை அனுப்பி மூவரைக் கொன்று இருபதுக்கு மேற்பட்டோரைக் காயப்படுத்தியவர் தியோடோர் கசின்ஸ்கி என்ற கணித அறிஞர். அவர் பெயர் குறிப்பிடாது எழுதிய நெடிய அறிக்கை 1995 செப்டெம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் வெளிவந்தது. அதில் கேக் பழமொழி பழைய வரிசையிலேயே, அதாவது 'உண்டு வைத்திருத்தல்' என்றே காணப்பட்டது. அறிக்கையின் நடையைப் பார்த்து அவருடைய தம்பியின் குடும்பத்துக்கு ஐயம் எழுந்தது. அவர்கள் ஒப்படைத்த பழைய கடிதங்களில் ஒன்றிலும் அதே வரிசை இருந்ததைப் புலனாய்வாளர் கண்டனர். அந்த ஒரு தொடரே அவரைக் காட்டிக்கொடுத்தது என்பது மிகை. ஒற்றுமைகள் பலவற்றுள் அதுவும் ஒன்று. 1996 ஏப்ரலில் மொன்டானாக் காட்டுக் குடிசையில் அவர் கைதானார். ஊர் முழுவதும் தவறிச் சொல்லும் ஒன்றைச் சரியாகச் சொல்பவன் தனித்துத் தெரிவான் என்பதற்கு இதைவிட விசித்திரமான சான்று கிடைக்காது.

பல நாட்டு ஆசைகள்

ஒன்றைச் செலவழித்துக்கொண்டே அதைச் சேமிக்கவும் விரும்புவது மனித இயல்பு. எனவே இதனைக் கடிந்துரைக்கும் பழமொழி இல்லாத மொழி அரிது. பிரெஞ்சுக்காரர் 'வெண்ணெயும் வேண்டும், வெண்ணெய் விற்ற காசும் வேண்டுமா' என்பர். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் மொழி பேசுவோர் 'பணிசும் வேண்டும், பணிசுக்குக் கொடுத்த நாணயமும் வேண்டுமா' என்பர். டென்மார்க்கினர் சொல்வது மிகவும் நயமானது: 'வாயில் மாவை வைத்துக்கொண்டு ஊதவும் முடியாது.' சிறு வயதில் சத்துமாவை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்து அடி வாங்கியவர்களுக்கு அதன் உண்மை விளங்கும்.

நாமோ 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்கிறோம். பள்ளிக்கூடங்களில் கேக் பழமொழிக்கு நேரான தமிழ் இதுவே என்று சொல்லிக் கொடுக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அன்று திண்ணையில் இருந்து யோசித்தபோதுதான் இரண்டுக்கும் இடையே ஒரு நுட்பமான வேறுபாடு இருப்பது மனத்தில் தைத்தது.

கேக்கை உண்டால் கேக் அழியும். இதற்கு மாற்று வழியே கிடையாது. எந்த மேதை வந்தாலும் உண்ட கேக்கைத் தட்டில் காட்ட முடியாது. ஆனால் கூழைக் குடித்தால் மீசை அழிவதில்லை, நனைகிறது, அவ்வளவே. நிதானமாகக் குடிப்பவன் மீசையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கனவான்கள் பெரிய மீசை வளர்த்து, மெழுகு பூசி முறுக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். சூடான தேநீர் பட்டால் மெழுகு உருகிவிடும். அதற்கென்றே குயவர்கள் 'மீசைக் கோப்பை' ஒன்றைச் செய்தார்கள். கோப்பையின் விளிம்புக்கு உட்புறமாக ஒரு சிறு தட்டு. மீசை அதன்மேல் படுத்திருக்கும். கீழேயுள்ள துளை வழியாகத் தேநீர் வாய்க்குப் போகும். நம்முடைய பழமொழி முடியாது என்று சொன்னதை ஆங்கிலேயக் குயவன் முடித்துக் காட்டிவிட்டான்! ஆனால் அவனுடைய நாட்டுப் பழமொழியிலுள்ள கேக்கை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆக, பொருந்தாதவை என்று நாம் சொல்பவற்றில் இரு வகை உண்டு. ஒன்று கேக் வகை: ஒன்றைப் பெறுவதே மற்றதை அழிப்பது. மற்றது மீசை வகை: ஒன்றைப் பெறும்போது மற்றதற்கு இடையூறு நேருகிறது, ஆனால் தகுந்த கோப்பை இருந்தால் இரண்டையும் காக்கலாம். யாரிடமாவது 'இரண்டும் நடக்காது' என்று தீர்ப்புச் சொல்லுமுன், முன்னாலிருப்பது கேக்கா, மீசையா என்று பார்த்தல் வேண்டும்.

வேறு பொருந்தாமைகள்

இங்கே இன்னொரு மயக்கத்தையும் நீக்கிவிடுவோம். ஆங்கிலத்தில் பொருந்தாமையைக் குறிக்கும் தொடர்கள் பல. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவது நம்மவரிடையே பெருவழக்கு.

இரு சகோதரர்கள் குணத்தால் முற்றும் வேறுபட்டவர்கள் என்றால் 'சோக் அண்ட் சீஸ்', அதாவது வெண்கட்டியும் பாற்கட்டியும் என்பார்கள். வேறுபாடு மட்டுமே இதன் கருத்து. அவர்கள் ஒரே வீட்டில் சண்டையின்றி வாழவும் கூடும். ஒப்பிடத் தகாத இரண்டை ஒப்பிட்டால் 'அப்பிளையும் தோடம்பழத்தையும் ஒப்பிடுகிறாய்' என்பார்கள். நிந்தவூர் வயலின் விளைச்சலையும் மருதமுனைத் தறியின் விளைச்சலையும் ஒரே படியால் அளப்பவனுக்கு அது பொருந்தும். ஓரிடத்தில் வைத்தாலும் கலவாதவற்றுக்கு 'எண்ணெயும் தண்ணீரும்' என்பது எல்லா மொழிக்கும் பொது.

இக்கரையில் அதற்கு நேர்மாறான ஒரு தொடரும் உண்டு. பாண்டிருப்பும் மருதமுனையும், காரைதீவும் சாய்ந்தமருதும் போலத் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வருவதைக் கண்ட முன்னோர், 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' என்றார்கள். குழலுக்குள் மாவு ஒரு படை, பூ ஒரு படை. ஒன்றாகிவிடுவதுமில்லை, ஒன்றில்லாமல் மற்றது ருசிப்பதுமில்லை. போர்க்காலத்தில் இதே மக்களை 'எண்ணெயும் தண்ணீரும்' என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஓர் உவமையை மாற்றிப் போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இக்கரையார்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவை ஒன்றிலும் இல்லாத ஒரு கூறு கேக் பழமொழியில் இருக்கிறது. அது ஆசை. இரு பொருள்கள் பொருந்தாமலிருப்பது மட்டும் போதாது. ஒரே ஆள் அவ்விரண்டையும் விரும்ப வேண்டும். ஒன்றைப் பெற்றால் மற்றது கழிந்துபோக வேண்டும். அந்த இழப்பை ஏற்க அவர் மறுக்கவும் வேண்டும். இவை அனைத்தும் கூடினால்தான் கேக்கை எடுக்கலாம். 'என் மகன் கிரிக்கெட்டும் விளையாடுகிறான், கணிதத்திலும் முதலாவது வருகிறான்; கேக்கை வைத்தும் உண்கிறான்' என்று ஒரு தாய் பெருமையாகச் சொன்னால், வாழ்த்திவிட்டுப் பழமொழியைத் திருத்த வேண்டும். விளையாட்டு கணிதத்தை உண்பதில்லை. காணியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அதிலுள்ள தென்னையில் தேங்காய் பறிக்கப் போகிறவருக்கோ அது அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தும்.

நம்மூர் வழக்கிலேயே இதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. இக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது பழைய முறை. மகளுக்குக் கலியாணம் ஆனதும் பெற்றோர் வீட்டை அவளுக்கு விட்டு, வளவின் ஒரு மூலையிலோ புதிதாகக் கட்டிய சிறு வீட்டிலோ ஒதுங்கிக்கொள்வர். வீட்டைக் கொடுத்த பெருமையும் வேண்டும், சாவிக்கொத்தும் தம் இடுப்பிலேயே தொங்க வேண்டும் என்று நினைக்கும் தாய்தந்தையரை எல்லோரும் கண்டிருப்போம். கேக்கை உண்டபின் தட்டைத் தடவிப் பார்ப்பவர்கள் அவர்கள்.

ஊருக்கு வந்த கேக்குகள்

வீட்டுக்குள் இப்படியென்றால், ஊர்க் காரியங்களில் இந்தப் பாகுபாடு இன்னும் அவசியமாகிறது.

முதலில் ஒரு மீசைக் கோப்பை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்தது. அங்கே தேங்கும் நீர் வயலுக்கு வேண்டும், மின்சாரத்துக்கும் வேண்டும். ஒரே நீரை இருவர் கேட்கிறார்களே என்று முதலில் தோன்றும். ஆனால் மின்னாக்கும் சுழலி நீரைக் குடிப்பதில்லை. உயரத்திலிருந்து விழும் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நீரைக் கீழே விட்டுவிடுகிறது. அதே நீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. எனினும் வயலுக்கு நீர் வேண்டாத நாளில் மின்சாரத்துக்காக மதகைத் திறந்தால், அந்த நீர் சிறுபோகத்துக்கு இராது. அப்போது மீசை கேக்காகிவிடும். காலம் பொருந்தும்வரை இரண்டும் உண்டு. காலம் பிசகினால் ஒன்றே உண்டு.

அடுத்தது ஒலுவில். துறைமுகங்கள் அமைச்சராயிருந்த மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் இக்கரைக்குக் கண்ட கனவுகளில் ஒன்று ஒலுவில் துறைமுகம். அவர் 2000ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், டென்மார்க்கின் கடனுதவியோடு அது கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. கீழைக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே செல்வது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கியே. அந்தப் பயணத்துக்குக் குறுக்கே கல்லணைகள் கடலுக்குள் நீண்டன. தெற்கே வந்த மணல் அங்கே தங்கிவிட்டது. துறைமுக வாயையும் அடைத்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால், ஒலுவிலின் வடபுறத்தையும் நிந்தவூர்ப் பக்கத்தையும் கடல் அரித்தது. தென்னைகள் சாய்ந்தன; நிலம் போயிற்று; கரைவலை இழுக்கும் மணற்கரை சுருங்கியது. படகுக்காரர் வாயைத் தோண்டுங்கள் என்றனர். கரை இழந்தோர் துறைமுகமே வேண்டாம் என்றனர்.

துறைமுகமும் வேண்டும், கரையும் வேண்டும் என்பது கேக்கா, மீசையா? கல்லை மட்டும் போட்டுவிட்டு இரண்டையும் எதிர்பார்த்தால் அது கேக்குத்தான். கடன் கொடுத்த நாட்டாரின் பழமொழியிலேயே சொன்னால், வாயில் மாவை அடக்கிக்கொண்டு ஊதுவது. ஆனால் கோப்பை ஒன்று உண்டு. அவுஸ்திரேலியாவில் டுவீட் ஆற்று முகத்தில் இதே சிக்கல் நேர்ந்தபோது, தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக ஆற்றின் அடியால் கொண்டுபோய் வடகரையில் கொட்டும் பொறி ஒன்றை அமைத்தார்கள். 2001 முதல் அது இயங்குகிறது. அலை செய்து வந்த வேலையை இயந்திரம் செய்கிறது. செலவு ஒரு தடவையோடு முடிவதன்று. துறைமுகம் உள்ளளவும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியது. இரண்டும் வேண்டும் என்பவன் கோப்பையின் விலையைக் கேட்டறிந்து, கொடுக்கத் துணிந்தவனாக இருத்தல் வேண்டும். விலையைச் சொல்லாமல் 'இரண்டும் கிடைக்கும்' என்று வாக்களிப்பவன், உண்ட கேக்கைத் தட்டில் காட்டுகிறேன் என்பவனே.

அத்தகைய வாக்குறுதி பெரிய நாடுகளிலும் உண்டு. 2016இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகத் தீர்மானித்தபோது, விலகவும் வேண்டும், உறுப்பு நாட்டுக்குரிய வணிக வசதிகளும் வேண்டும் என்றனர் சிலர். விலகலுக்காகப் பிரசாரம் செய்த பொரிஸ் ஜோன்சன் கேக்கை வைத்திருப்பதற்கும் உண்பதற்கும் தாம் ஆதரவு என்று வேடிக்கையாகச் சொல்லி வந்தார். ஐரோப்பிய மன்றத் தலைவராயிருந்த டொனால்ட் டஸ்க், ஒரு கேக்கை வாங்கி உண்டுவிட்டு அது தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள் எனப் பதிலிறுத்தார். ஒரு பழமொழியின் இலக்கணம் இரு தரப்பு அரசியலுக்கு நடுவே வந்து நின்றது.

இனி, வேடிக்கையாகச் சொல்லக்கூடாத ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோர வீதிகள் வெறும் மணலாயின. அடுத்து, வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு அறிவித்தது. பிற்காலத்தில் அத்தூரம் தளர்த்தப்பட்டது. மீனவர் கடலோரத்தை விட்டுப் போக மறுத்தபோது, 'கடலருகிலும் இருக்க வேண்டும், கடலுக்குத் தப்பவும் வேண்டுமாம்' என்று சொன்னவர்கள் உண்டு. கேக் பழமொழியையே இதற்கு எடுத்தாண்டதும் என் செவியில் விழுந்தது.

அது பிழையான பிரயோகம். மீனவன் கேட்டது உண்பதையும் வைத்திருப்பதையும் அன்று, உயிரையும் பிழைப்பையும். அவனுக்கும் ஒரு கோப்பை உண்டு. தோணியும் வலையும் வாடியில் இருக்க, மனைவி மக்கள் மேட்டில் இருக்கலாம். ஆனால் அந்த மேடு எங்கே? கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் ஒரு நாடாப் போல ஒடுங்கிய நிலம். அதில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். வயலை நிரப்பினால் வீடு வரும், நெல் போகும். அந்த இடத்திலேதான் உண்மையான கேக் இருந்தது. அது மீனவனின் பேராசையால் வந்ததன்று; நிலத்தின் ஒடுக்கத்தால் வந்தது. துன்பத்தில் இருப்பவன் முன்னால் இந்தப் பழமொழியைச் சொல்லலாகாது. அது பேராசையைக் கடிகின்ற சொல். தேவையைக் கடிகின்ற சொல்லன்று.

விதைநெல்

இவ்வளவும் அன்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன் என்று எண்ண வேண்டாம். அவளுக்குச் சொன்னது சுருக்கம்.

"மகள், பெரிய வாப்பா எழுதிய ஆங்கிலம் சரியானதே. ஆனால் உன் காரியத்துக்கு அது பொருந்தவில்லை. படிப்பு கலியாணத்தை உண்பதில்லை. கலியாணமும் படிப்பை உண்ண வேண்டியதில்லை. நாலு ஆண்டு பொறுக்கும் மாப்பிள்ளை கிடைத்தாலும் சரி, படிக்கும் பெண்ணை மணக்கச் சம்மதிப்பவர் கிடைத்தாலும் சரி, இரண்டும் நடக்கும். இது மீசைக் காரியம். கோப்பைதான் தேட வேண்டும்."

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன், தெளியவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"கலியாணத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை, சேர். உம்மாவுக்குக் காலில் புண் ஆறவில்லை. ஒரு நாள்விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். தம்பி சின்னவன். நான் பேராதனையிலும் இருக்க வேண்டும், உம்மாவின் பக்கத்திலும் இருக்க வேண்டும். அதுவும் மீசைதானா?"

நான் வாயடைத்துப் போனேன். பேராதனைக்கும் கல்முனைக்கும் இடையே மலையைக் கடந்து போகும் ஒரு பகற்பொழுதுப் பயணம் கிடக்கிறது. ஓர் உடல் ஒரே நாளில் ஈரிடத்தில் இராது. பெரிய வாப்பா தவறான இடத்தில் எழுதிய பழமொழி, அவர் எண்ணியே பாராத இடத்தில் சரியாகப் போய் அமர்ந்துவிட்டது. பொய்யான ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்லை, மகள். இது கேக்குத்தான். ஒன்றை நீ விடத்தான் வேண்டும். அல்லது ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். அங்கே நீ விரும்பிய துறை கிடைக்குமோ என்பது வேறு விஷயம்."

எங்கள் பேச்சு வேலிக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தது போலும். அவளுடைய உம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து வேலியருகில் நின்றார். ஆங்கிலம் அறியாதவர். கேக்கைப் பற்றி நாங்கள் பேசியதில் எவ்வளவு அவருக்கு விளங்கியதோ தெரியாது. கணவர் இருந்த காலத்தில் சம்மாந்துறை வயலில் பெரும்போகமும் சிறுபோகமும் செய்வித்த கை அவருடையது.

"சேர், விதைநெல்லை நாங்கள் எத்தனை பஞ்சத்திலும் அவித்துத் தின்றதில்லை" என்றார். "அதற்காக மூட்டையைக் கட்டி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்ததுமில்லை. வைத்துக்கொண்டேயிருந்தால் அதுவும் உளுத்துத்தான் போகும். அதது அதன் வயலுக்குப் போக வேண்டும். கட்டு மாற்ற ஆஸ்பத்திரித் தாதிப்பிள்ளை வழியில் இறங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இவளைப் போகச் சொல்லுங்கள்."

நாற்பது ஆண்டு அந்தப் பழமொழியைக் கற்பித்த எனக்குத் தோன்றாத ஒன்றை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். உண்பது ஒன்று, வைத்திருப்பது ஒன்று என்றே ஆங்கிலேயன் எண்ணினான். கேக்குக்கு அவ்விரண்டே வழி. நெல்லுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. கைவிட்டு விதைப்பதே அது. விதைத்தவனுக்கு அந்த நெல் திரும்பக் கிடைப்பதில்லை. அதன் இழப்பு உண்மையான இழப்பே. ஆனால் அதை உண்டவனும் பூட்டி வைத்தவனும் ஒருநாளும் காணாத விளைச்சலை அவன் காண்பான்.

பெரிய வாப்பாவுக்கு நானே பதில் எழுதினேன். அவருடைய ஆங்கிலத்தைப் பாராட்டினேன், பழமொழியைத் திருத்தவில்லை. பெரியவர்களுக்கு அதைத் திருப்பிச் சொல்வது மரியாதையுமன்று. விதைநெல்லைப் பற்றி அவருடைய தம்பி மனைவி சொன்னதை மட்டும் தமிழில் எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு வரியில் பதில் வந்தது: பேராதனை விடுதிச் செலவு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து எழுதும்படி கேட்டிருந்தார்.

ஆகவே வாசகர்களே, இனி உங்கள் வீட்டில் யாராவது 'இரண்டும் நடக்காது' என்று பழமொழி சொல்ல வாயெடுத்தால், முதலில் முன்னாலிருப்பது என்னவென்று பாருங்கள். மீசையானால் கோப்பையைத் தேடுங்கள். கேக்கானால் மனமறிந்து ஒன்றை விடுங்கள். விதைநெல்லானால், பருவம் தவறுமுன் அதை வயலுக்கு அனுப்பி வையுங்கள்.